அழுத்தினால் கேட்காது

மன்னியிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. "காபி ஆச்சா மன்னி?" என்று கேட்டாலும் சரி, "மன்னி, அடுப்பிலே பால் பொங்கறது" என்று கத்தினாலும் சரி, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அப்படியே நிற்பாள். பிறகுதான் வாய் திறக்கும். கரமனையில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அனேகமாக எல்லோருமே என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த மாமிக்குக் காது கேக்காதோ?" என்று விசாரித்திருக்கிறார்கள். காய்கறி வண்டிக்காரன் மலையாளி, பொறுமையில்லாதவன். "எந்தா சேச்சி, வேணோ, வேண்டயோ?" என்பான். மன்னி 'வேணும்' என்று சொல்லி முடிக்கும்போது வண்டி ஆற்றங்கரைத் திருப்பத்தில் இருக்கும். நான்தான் ஓடிப்போய் நிறுத்துவேன்.

நான் அப்படியில்லை. என் வாயைப் பற்றித் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். "இவ வாயைப் பூட்டினா சாவி துவாரம் வழியா பேசுவா" என்பது என் அம்மா எனக்குக் கொடுத்த நற்சான்று.

மன்னி உறவில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்தவள், அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரரைச் சின்ன வயதிலிருந்து அண்ணா என்று கூப்பிட்டேன், அவர் கட்டிக்கொண்டு வந்தவள் மன்னி ஆனாள். மன்னிக்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. பிள்ளை புனேயில். அண்ணாவுக்குப் பழவங்காடியில் மின்சாமான் கடை. இப்போது மன்னி எங்கள் தெருவில் இல்லை. ஆனால் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டு, நான் சட்டென்று பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொள்ளும் அபூர்வமான சமயங்களில் அவள் நினைப்பு வருகிறது.

அண்ணாவுக்குக் கடையைவிடப் பெரிய பைத்தியம் ஹாம் ரேடியோ. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கத்தில் ஒரு பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒரு வயர்லெஸ் பெட்டியும் மாடியில் ஒரு ஆண்டெனாவும் வைத்துக்கொண்டு, இதே மாதிரி பெட்டி வைத்திருக்கும் மற்றவர்களோடு பேசுவது. வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, சும்மா பேசலாம். மைக்கில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் பேசலாம், அப்போது யார் பேசுவதும் நமக்குக் கேட்காது. விட்டால் கேட்கலாம், நாம் பேச முடியாது. உலகத்தில் உள்ள மனிதர்களையெல்லாம் இந்தப் பட்டனை வைத்தே இரண்டாகப் பிரித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அண்ணா அழுத்துகிற கட்சி. அழுத்தினால் விடமாட்டார்.

மனைவியும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று அவர் ஒரு நாள் தீர்மானித்தார். மன்னியைக் கேட்டாரா என்றால், கேட்டார்தான். "நீயும் பரீட்சை எழுதறியா?" என்று கேட்டு, அவள் மூச்சு இழுப்பதற்குள், "எழுதறா! பார்த்தியா, அவளுக்கே ஆசை!" என்று என்னிடம் திரும்பினார். துணைக்கு நானும் சேர்ந்துகொண்டேன். ஒரே நேரத்தில் ஊர் முழுக்கப் பேசலாம் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்?

அலுவலகம் விட்டு வந்து, விளக்கேற்றியதும் அவள் வீட்டு முன்னறையில் இருவரும் படிக்க உட்காருவோம். கண்டென்சர், காயில், அலைநீளம் எல்லாம் இரண்டு பேருக்கும் சமமாகத்தான் மண்டையில் ஏற மறுத்தன. விதிமுறைப் பகுதியில்தான் வித்தியாசம். நான் அதை மார்க்குக்காக உருப்போட்டேன். மன்னி ஒரு வரியில் வந்து நின்றுவிட்டாள். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே அழுத்தக் கூடாது, சிறிது இடைவெளி விட வேண்டும், அவசரத்தில் இருக்கும் யாராவது அந்த இடைவெளியில் நுழைந்து உதவி கேட்கக்கூடும். இதுதான் அந்த வரி.

"இதைப் பாரேன்" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. "நான் பண்றது தப்பில்லையாக்கும். புஸ்தகத்திலேயே போட்டிருக்கா."

அதுவரை மந்தம், மண்டைக்கனம், காது மந்தம் என்று ஊர் வைத்த பெயர்களையெல்லாம் சுமந்தவளுக்கு முதல் தடவையாக ஒரு நியாயம் கிடைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று நினைத்தால் அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

பரீட்சையில் இருவரும் தேறினோம். லைசென்ஸ் வருவதற்கு முன்னால் போலீஸ் விசாரணை உண்டு. ஒரு கான்ஸ்டபிள் வந்து முன்னறையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். எடுத்த எடுப்பில் மன்னியிடம், "நிங்ஙளுடெ பேரில் கேஸ் வல்லதும் உண்டோ?" என்றார். மன்னி வழக்கம்போல நின்றாள். கான்ஸ்டபிள் நிமிர்ந்தார். மன்னி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சேச்சி, இதில் ஆலோசிக்கான் எந்தா உள்ளது?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. வயர்லெஸ் கருவி கேட்டு மனுப்போட்ட பெண்மணி, கேஸ் உண்டா என்றால் யோசிக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டால் என் லைசென்ஸும் சேர்ந்தல்லவா போகும்!

"சாரே, ஆ சேச்சி அங்ஙனெயா! பேரு சோதிச்சாலும் ஆலோசிக்கும்!" என்று, பெயரைக் கேட்டால்கூட யோசிப்பாள் என்று குறுக்கே பாய்ந்தேன்.

அப்போதுதான் மன்னி, "கேஸ் ஒண்ணுமில்ல சார்" என்றாள். அவர் போன பிறகு, "நீ ஏன் பதறினே? அவர் வேறே ஏதாவது சேர்த்துக் கேப்பாரோன்னு பார்த்தேன்" என்றாள் சாவதானமாக.

லைசென்ஸ் வந்து முதல் நாள் காற்றில் பேசியது இன்னும் வேடிக்கை. யாரையாவது கூப்பிடுவதற்கு முன்னால், இங்கே ஏற்கெனவே யாராவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். மன்னி கேட்டாள். பட்டனை விட்டுக் காத்திருந்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி காத்திருந்தாள். அவள் காத்திருந்த நேரத்தில் ஒரு ஈடு இட்லி வெந்திருக்கும். அண்ணா மைக்கைப் பிடுங்கினார். "என்னடி நீ, யாருமில்லேன்னு தெரியறதோல்லியோ?"

"நமக்குக் கேக்காத தூரத்திலே யாராவது இருந்தா?" என்றாள் மன்னி. அதற்குள் அண்ணா ஆலப்புழைக்காரர் ஒருவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

என் முதல் நாளை நான் சொல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன். பட்டனை அழுத்தி, என் பெயர், ஊர், வேலை, பரீட்சைக்குப் படித்த கதை, கான்ஸ்டபிள் வந்த கதை எல்லாம் சொல்லி விரலை எடுத்தேன். பேரூர்க்கடையில் இருக்கும் வயதான டாக்டர் ஒருவர், "மோளே, ஞங்ஙள் போய் ஊணு கழிச்சிட்டு வந்நு. தீர்ந்நோ?" என்றார். அவர்கள் சாப்பிட்டே வந்துவிட்டார்களாம்! ஊரே சிரித்தது. மன்னிகூடச் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி, முறை வைத்துப் பேசுவோம். முறை கொடுக்கும் வேலையை மன்னிக்குக் கொடுத்திருந்தார்கள், அதிகம் பேசாதவள் என்பதால். ஒரு ஞாயிறு அண்ணா அவளிடமிருந்து மைக்கை வாங்கி, கோயில் யானை ஒன்று கரண்ட் கம்பத்தைச் சாய்த்த கதையைச் சொல்லி முடித்தார். அடுத்தவர் தொடங்க வேண்டியது. மன்னி மைக்கை வாங்கி, யாரும் சிறிது நேரம் அழுத்தாதீர்கள் என்று மலையாளத்தில் சொன்னாள். எல்லோரும் அடங்கினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. நான் அன்று அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "என்னடி, ஒண்ணுமில்லையே!" என்றார் அண்ணா. மன்னி கையை உயர்த்தி அவரை அடக்கினாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. வெறும் இரைச்சல். அப்புறம் கொசு முனகுவது மாதிரி ஏதோ வந்தது. அரைச் சொல். மறுபடி அரைச் சொல்.

பொன்முடி மலைப்பாதையில் ஒருவருடைய கார் சரிந்து பள்ளத்தில் இறங்கிவிட்டிருந்தது. உள்ளே அவருடைய அம்மா, தலையில் அடி. கைபேசிக்கு சிக்னல் இல்லை. கையில் இருந்த சின்ன வாக்கிடாக்கியில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. முன்பே பல தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் குரல் அவர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டதாம். மன்னி ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி இடத்தைக் கண்டுபிடித்தாள், ஆம்புலன்ஸ் போயிற்று, அந்த அம்மாள் பிழைத்தாள். அண்ணா அந்தக் கதையைப் பல மாதம் ஊரெல்லாம் சொன்னார். "நாங்க கேட்டோம், நாங்க ஆம்புலன்ஸ் அனுப்பினோம்" என்றுதான் சொன்னார். கதை கேட்க வந்தவர்களுக்கு மன்னி காபி கொடுத்தாள்.

அண்ணா கெட்டவர் இல்லை. தங்கமான மனிதர், தெருவில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும் தானே ஓடி வருவார். ஆனால் அந்த வீட்டு முன்னறைக்கு வர்ணம் அடித்தபோது நான் பார்த்தேன். "என்ன கலர் அடிக்கலாம், நீ சொல்லு" என்றார் மன்னியிடம். அவள் வாய் திறக்கப் போனாள். "மஞ்சள்தானே? நானும் அதையேதான் நினைச்சேன்!" என்றார். மன்னிக்கு மஞ்சள் பிடிக்காது. நல்ல புடவையானாலும் மஞ்சள் என்றால் தொடமாட்டாள். சுவரெல்லாம் மஞ்சளான பிறகு அவள் அந்த அறையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. "ஏன் மன்னி சொல்லலை?" என்று கேட்டேன். அன்று அந்த இடைவெளிக்குப் பிறகும் பதில் வரவில்லை.

அப்புறம்தான் கோழிக்கோடு வந்தது. மன்னியை அங்கே மாற்றிவிட்டார்கள். தெருவுக்கெல்லாம் அதிர்ச்சி. அண்ணாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சாயங்காலம் தோறும் காற்றில் அதே பேச்சு. "இத்தனை வருஷம் ஒழுங்கா வேலை பார்த்தவளை இப்படித் தூக்கி எறியறதா? எவனோ கழுத்தறுத்திருக்கான்!" என்று பொருமுவார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டாக்டர் தனக்குத் தெரிந்த பெரிய அதிகாரி ஒருவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை. "ஃபைலை எடுத்து முன்னாலே வைக்கச் சொல்லுவேன். யார் எழுதினா, என்ன எழுதினான்னு எனக்குத் தெரியணும்" என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரறிய முழங்கினார் அண்ணா. மன்னி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாதது யாருக்குத்தான் புதிது?

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம். என் அலுவலகத்தில் ஆடிட் நல்லபடி முடிந்ததற்காகப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தேன். வாக்கிடாக்கி பையில் இருந்தது, ஓடிக்கொண்டுதான் இருந்தது. லைசென்ஸ் வாங்கியவர்கள் அதை லேசில் அணைக்க மாட்டார்கள். திடீரென்று அதிலிருந்து மின்விசிறி ஓடும் சத்தம் வந்தது. பிறகு பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு மன்னியின் குரலும் அவள் அக்கா குரலும். அக்கா திருநெல்வேலியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு தடவை நேர்வதுதான். மைக் எங்காவது மாட்டி, பட்டன் அமுங்கிக்கொள்ளும். வீட்டுப் பேச்சு அத்தனையும் ஊருக்குப் போகும். அழுத்தினால் கேட்காது அல்லவா, அதனால் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. சாஸ்தமங்கலத்துப் பேராசிரியர் ஒருவரின் குறட்டையை ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டிருக்கிறோம். போயும் போயும் மன்னிக்கா இப்படி என்று நினைத்துக்கொண்டு தேங்காயை ஓங்கினேன்.

"ஏண்டி, அவர்தான் திங்கட்கிழமை போய் கேன்சல் பண்ணிடுவேங்கறாரே. பின்னே எதுக்குப் பெட்டி கட்டறே?" என்றாள் அக்கா.

ஒரு மூச்சு நேரம் விசிறி மட்டும் ஓடியது.

"அவா மாத்தலை அக்கா. நானே எழுதிக் கொடுத்து வாங்கிண்டேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பின்னால் நின்றவர், "ஒடைக்கு சேச்சி" என்றார். தேங்காயை அவர் கையிலேயே திணித்துவிட்டு ஓரமாக ஓடினேன். சனிக்கிழமை மத்தியானம், ஊரில் உள்ள அத்தனை பெட்டிகளும் திறந்திருக்கும். அதைவிட, கூப்பிடு தூரத்தில் அண்ணாவின் கடை. கல்லாவுக்கு மேலே அவர் பெட்டி காலை முதல் ராத்திரி வரை ஓடும். யார் எழுதினான்னு தெரியணும் என்று எந்த ஆட்களிடம் முழங்கினாரோ, அதே ஆட்களோடு சேர்ந்து உட்கார்ந்து, தன் பெண்டாட்டி தன்னைவிட்டுப் போகத்தான் எழுதினாள் என்று அவர் கேட்கப் போகிறார். பிள்ளையாரே!

மன்னியின் கைபேசிக்கு அடித்தேன். மணி அடிப்பது என் காதிலும் கேட்டது, வாக்கிடாக்கியிலும் கேட்டது.

"ஃபோன் அடிக்கறதுடி" என்றாள் அக்கா.

"கெடக்கட்டும் அக்கா. இப்போ விட்டேன்னா அப்புறம் சொல்லவே மாட்டேன்."

யாருக்கும் வழிவிட்டே பழகியவள் அவள். இந்த ஒரு தடவையா பிடிவாதம் பிடிக்க வேண்டும்! நடுத்தெருவில் நின்று கைபேசியைத் திட்டினேன்.

"அவர் நல்லவர்தான். ஒரு நாள் கை ஓங்கினதில்லை, ஏசினதில்லை. யாராவது கேட்டா குறையே சொல்ல முடியாது. ஆனா இத்தனை வருஷமா நான் இடம் விட்டு விட்டுப் பேசறேன். எல்லாரும் அதிலே வந்து அவாவா காரியத்தைச் சொல்லிட்டுப் போறா. உனக்கு என்னடி வேணும்னு கேக்க ஒருத்தரும் வரலை. என் வாயிலே இருக்கறதை அவரே பேசி முடிச்சுடறார். சில நாள் ஆத்திலே நான் இருக்கேனான்னே எனக்குச் சந்தேகம் வந்துடறது." குரல் உடையவில்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. "அதைவிட ஒண்ணு இருக்கு அக்கா. அதை இதுவரைக்கும் நான் யார்கிட்டேயும்..."

நான் அழுத்தினேன்.

ஒருவர் பேசும்போது மேலே அழுத்தக் கூடாது. அது குற்றம், லைசென்ஸைப் பிடுங்கலாம். எல்லாம் எனக்குத் தெரியும். போனால் போகட்டும் என்று அழுத்தினேன். பக்கத்தில் இருப்பவன் அழுத்தினால் தூரத்துக் குரல் அமுங்கிவிடும் என்பது நாங்கள் படித்த பாடம். கடைக்கு நான்தான் பக்கம். ஆனால் அழுத்தியதும் எனக்கு, ஆமாம் எனக்கு, பேச ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது பரீட்சைக்கு உருப்போட்ட விதிமுறைதான். "லைசென்ஸ் பெற்றவர் பிறர் பேச்சுக்கு வேண்டுமென்றே இடையூறு செய்யக் கூடாது. பிறருடைய செய்தியைக் கேட்க நேர்ந்தால் அதை வெளியிடக் கூடாது" என்று கத்திக்கொண்டே கடையை நோக்கி ஓடினேன். பூமாலை கட்டுகிறவள் வாய் பிளந்து பார்த்தாள். மூச்சு வாங்குவதற்காக விரலை எடுத்தேன். மன்னியின் குரல் இல்லை. விசிறிச் சத்தமும் இல்லை. ஆனால் இரைச்சலும் இல்லை. யாரோ ஒருவர் மிகப் பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருந்தார்.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மைக் அவர் கைமுட்டிக்குள் இருந்தது. கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கையில் மைக் இருந்தும் அண்ணா பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அண்ணா" என்றேன். அவர் பேசினால் அது ஊருக்கே போகும். தலையை ஆட்டினார். கண் சிவந்திருந்தது. மற்றக் கையால் கரமனைப் பக்கம் காட்டி, போ, போ என்று விரட்டினார்.

ஆட்டோவில் ஏறினேன். கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் வாக்கிடாக்கி ஊளையிடத் தொடங்கியது. ஓட்டுநர் திரும்பி, "எந்தா சேச்சி, பேகினகத்து பட்டியா?" என்றார். நாயில்லை. பலர் ஒரே நேரத்தில் அழுத்தினால் அப்படித்தான் கூவும். சிக்னலில் நின்ற ஒவ்வொரு நொடியும் எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளும்படி இருந்தது.

அக்கா கதவைத் திறந்தாள். மன்னி முன்னறைக் கட்டிலில் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாய் திறந்த பெட்டி, பாதி நிரம்பியிருந்தது. மேஜையிலிருந்து மைக்கின் சுருள் கம்பி இறங்கி வந்து அந்தப் பெட்டிக்கு அடியில் போயிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கி மைக்கை உருவினேன். உடனே ரேடியோ அலற ஆரம்பித்தது. கூவலுக்கு நடுவே டாக்டர், "நாற்பத்தொந்நு, நாற்பத்திரண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். பேராசிரியர் ஏதோ கீர்த்தனை. யாரோ விசில். ஊர் முழுக்க அழுத்திக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை.

மன்னி ரேடியோவைப் பார்த்தாள். என் கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள்.

"எங்கேருந்து?" என்றாள்.

"அக்கா பெட்டி எதுக்குன்னு கேட்டதுலேருந்து."

"எதுவரைக்கும்?"

"அதைவிட ஒண்ணு இருக்குன்னேளே, அதுவரைக்கும். அப்புறம் நான் அழுத்திட்டேன் மன்னி. எல்லாரும் அழுத்திட்டா."

"அவர்?"

நான் ஊர்வாயாடி. எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. "அண்ணாவும் அதே நேரத்துலேதான் அழுத்தினார்னு நினைக்கறேன். இன்னும் விடலை."

"என்ன பேசறார்?"

"ஒண்ணும் பேசலை. சும்மா அழுத்திண்டிருக்கார்."

"ஒண்ணும் பேசலையா?" என்று மறுபடி கேட்டாள். இதுவரை அவள் கேட்டதிலேயே அதுதான் நம்ப முடியாததாக இருந்திருக்க வேண்டும். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் அறுபதில் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் மன்னி மைக்கை எடுத்து, "டாக்டர், மதி. தேங்க்ஸ்" என்றாள், போதும் என்று. ஒவ்வொருவராக விட்டார்கள். கூவல் நின்றது. ஆனால் ரேடியோவின் சிக்னல் பட்டை முழு நீளத்துக்கும் எரிந்துகொண்டேதான் இருந்தது. சத்தமில்லாமல் ஒருவர் மட்டும் இன்னும் விடவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? அழுத்திக்கொண்டிருப்பவருக்கு மற்றவர்கள் விட்டது கேட்காது. மன்னி அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆட்டோ நிக்கறதோ? வா" என்றாள்.

அவள் எதற்காக வருகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. சமாதானம் சொல்லவா? போகவில்லை என்று சொல்லவா? அப்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள் மன்னி என்று ஒரு மனம், பாவம் அண்ணா என்று ஒரு மனம். இரண்டும் மாறி மாறி என்னைப் பிடுங்கின.

கடையில் அண்ணா அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். மன்னி கல்லாவுக்கு எதிரே போய் நின்றாள். அவர் பார்த்தார். கை இறுகியதே தவிர விடவில்லை.

"விடுங்கோ" என்றாள் மன்னி. "அங்கே எடுத்தாச்சு."

அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிவப்பு விளக்கு அணைந்தது. பெட்டியில் யாருமில்லை. அவர் ரேடியோவையும் அணைத்தார். பகலில் அது அணைந்து நான் பார்த்ததில்லை. பிறகு வாயைத் திறந்தார். வந்தது வினை என்று நினைத்தேன். எத்தனை வருஷக் கணக்கை எடுப்பார், ஊர் முன்னால் மானம் போனதைச் சொல்வாரா, திங்கட்கிழமை அதிகாரியைச் சொல்வாரா? அவர் வாயை மூடிக்கொண்டார். மன்னி நின்றாள். அவரும் சும்மா இருந்தார். விசிறி வாங்க வந்தவர் இருமினார்.

"நான் போறேன்" என்றாள் மன்னி. "திங்கட்கிழமை நீங்க யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம்."

"பார்க்கலை" என்றார் அண்ணா.

அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். மன்னியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், திரும்பப் போனாள். அண்ணா விசிறிக்காரரைப் பார்த்து, "கட அடச்சு, கேட்டோ. நாளெ வரணம்" என்றார். என்னையும் பார்த்தார், நான் படியிறங்கினேன். அவர் ஸ்டூலை இழுத்து மன்னிக்கு அருகே போடும் சத்தம் கேட்டது.

"அதைவிட ஒண்ணு இருக்குன்னியே" என்றார். "அதுவரைக்கும்தான் என் காதிலே விழுந்தது. அப்புறம் அழுத்திட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அது என்னன்னு சொல்லு" என்றார்.